காத்திருந்தவள் ஒருத்திதானா?

போர்க்காலக் காதற்கதை என்பது உலக மொழிகள் பலவற்றிலும் வழங்கும் பழம்பொருள். ஒருவன் போருக்குப் போகிறான், ஒருத்தி காத்திருக்கிறாள், காலம் இருவரையும் சோதிக்கிறது. இக்கதையைக் கேட்டு உருகாதார் அரியர். ஆனால் உருகுவதோடு திறனாய்வாளனின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. போனவன் எங்கே போனான், யாரோடு பொருதான், அவன் போன இடத்திலும் எவளேனும் எவனுக்காகவேனும் காத்திருந்தாளா என்று கேட்பதும் அவன் கடமையே. அந்தக் கேள்வியோடு ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்தை நாம் இங்கு அணுக விரும்புகிறோம்.

ஜாக் டெமி என்பார் இயக்கி 1964-இல் வெளிவந்த 'ஷெர்பூர் குடைகள்' என்பது அப்படத்தின் பெயர். அதே ஆண்டில் கான் திரைப்பட விழாவின் தலைமைப் பரிசை அது வென்றது. அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் உலகின் தலைசிறந்த காதற்படங்களைப் பட்டியலிடுவோர் அதன் பெயரை விட்டுவிடுவதில்லை. படத்தைக் காணுமுன் நாம் அறிந்திருந்த செய்தி ஒன்றே: அல்ஜீரியப் போர்க்காலத்தில் நிகழும் காதற்கதை அது என்பதே அச்செய்தி. இந்த ஒரு தொடரே நம்முள் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பப் போதுமானதாயிருந்தது.

அல்ஜீரியா நமக்கு அன்னிய நாடன்று. 1830-இல் பிரெஞ்சுப் படை அந்நாட்டில் கால் வைத்த காலந்தொட்டு, அதனை எதிர்த்துப் போரிட்ட அமீர் அப்துல் காதிர் அவர்களின் வரலாறு முஸ்லிம் உலகெங்கும் மதிப்போடு பேசப்பட்டு வருகிறது. 1860-இல் டமாஸ்கஸில் கலவரம் மூண்டபோது ஆயிரக்கணக்கான கிறித்தவர்களுக்கு அடைக்கலம் தந்து காத்த பெருந்தகை அவர். அந்த மண்ணில் 1954 நவம்பர் 1-ஆம் நாள் தொடங்கிய விடுதலைப் போர் 1962 ஜூலை 5-இல் சுதந்திரமாக மலர்ந்தது. 132 ஆண்டு கால அடிமைத்தனத்தை உதறிய அந்தப் போரின் பின்னணியில் ஒரு பிரெஞ்சுக் கலைஞன் காதற்கதை சொல்கிறான் என்றால், தன் நாட்டவன் துப்பாக்கியோடு சென்ற அந்த மண்ணின் முகத்தை ஒரு கணமேனும் காட்டுவான் என்று நாம் எதிர்பார்த்தோம். அந்த எதிர்பார்ப்பு நியாயமானதே என்று இன்றும் கருதுகிறோம்.

முதலில் கதையைச் சுருங்கச் சொல்லிவிடுவோம்.

பிரான்சின் வடமேற்குக் கரையிலுள்ள துறைமுக நகரம் ஷெர்பூர். அங்கே குடைக்கடை நடத்தும் விதவைத் தாய் ஒருத்தி. அவளுடைய இளவயது மகள் ஜெனவியேவ். மோட்டார் பட்டறையில் பழுது பார்க்கும் இருபது வயதுத் தொழிலாளி கீ. இவ்விருவரும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். தாய்க்கு இது உடன்பாடில்லை. 1957 நவம்பரில் கதை தொடங்குகிறது. சில நாட்களிலேயே கீயைக் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைக்கும் ஆணை வருகிறது. அல்ஜீரியாவுக்குப் போகவேண்டும், இரண்டாண்டு கழித்தே திரும்ப முடியும். பிரிவுக்கு முந்தைய இரவில் இருவரும் வரம்பு மீறிவிடுகின்றனர். அவன் இரயிலேறிப் போகிறான்; அவள் வயிற்றில் கரு வளர்கிறது.

கடிதங்கள் அருகிப் போகின்றன. கடையோ கடனில் மூழ்குகிறது. நகையை விற்கப் போன இடத்தில் அறிமுகமான ரோலான் கசார் என்னும் வைர வணிகர், அப்பெண்ணை மணக்க விரும்புகிறார். அவள் நிலையை அறிந்தும், பிறக்கப்போகும் குழந்தையைத் தம் குழந்தையாகவே வளர்ப்பதாக உறுதி சொல்கிறார். அவள் இசைகிறாள். 1959-இல் காலில் காயத்தோடு திரும்பி வரும் கீ, கடையும் கைமாறி, காதலியும் பாரிஸ் சென்றுவிட்டதை அறிகிறான். சிறிது காலம் மதுவிலும் தீய வழியிலும் சீரழிகிறான். அவனை வளர்த்த அத்தை இறந்துபோக, அந்த அம்மையாரை நோய்ப்படுக்கையில் பேணிவந்த மதலேன் என்னும் நற்குணப் பெண் அவனை மீட்டெடுக்கிறாள். அவளை மணந்து, அத்தை விட்டுச்சென்ற பணத்தில் பெட்ரோல் நிலையம் ஒன்றைத் தொடங்குகிறான். 1963 டிசம்பரில் பனி கொட்டும் ஓரிரவில் ஜெனவியேவ் காரில் அந்த நிலையத்துக்கு வந்து சேர்கிறாள். காரில் அவள் மகள் இருக்கிறாள். சில சொற்கள், பின்பு பிரிவு. அவ்வளவே கதை.

இப்படத்தின் உரையாடல் முழுவதும் பாட்டாகவே அமைந்துள்ளது. 'எண்ணெய் மாற்றவேண்டுமா?' என்பது போன்ற பட்டறைப் பேச்சுங்கூட இசையோடுதான் வருகிறது. இசை மிஷேல் லெக்ராண். நடித்தவர்கள் வேறு, பாடியவர்கள் வேறு. கதாநாயகியாக நடித்த கேத்தரின் தெனேவுக்குக் குரல் கொடுத்தவர் தனியேல் லிக்காரி. பின்னணிப் பாட்டுக்குப் பழகிய தமிழருக்கு இஃது ஒன்றும் புதுமையன்று. நாடக மேடையில் பேச்சுக்குப் பேச்சு பாடிய மரபில் பிறந்ததுதானே நம் பேசும்படமும்! ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் படங்களில் பாட்டு வரும்போது வாழ்க்கை சற்று நின்றுவிடும். இங்கே கடன் கணக்கும், காய்ச்சலும், அடகு நகையும், தாயின் கண்டிப்பும் எல்லாம் பாட்டுக்குள்ளேயே நடக்கின்றன. எளிய மனிதரின் அன்றாட வாழ்வும் பாடத்தக்கதே என்னும் மதிப்பு அதனுள் இருக்கிறது. இது சிறப்பு.

இரண்டாவது சிறப்பு, இதில் கொடியவர் எவரும் இல்லாமை. தாய் சூழ்ச்சிக்காரி அல்லள். கடனுக்கு அஞ்சும் விதவை. வைர வணிகர் பணத்திமிர் பிடித்தவர் அல்லர். பொறுமையும் கண்ணியமும் உடையவர். ஜெனவியேவ் வஞ்சகி அல்லள். காதலனை நினைக்கும்போது அவன் முகம் மனத்தில் வருவதில்லை, அவன் புகைப்படம்தான் வருகிறது என்ற கருத்துப்பட அவள் ஓரிடத்தில் வருந்துகிறாள். பிரிவு மனிதனைச் செய்வதென்ன என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியுமா என்று ஐயுறுகிறோம். மறதி என்பது ஒருநாளில் நிகழும் துரோகமன்று. முகம் படமாகத் தேய்வதே மறதி. கடல் கடந்து பொருளீட்டச் சென்றோரின் கடிதங்களை எண்ணிக் காலங்கழித்த நம் கடற்கரையூர்க் குடும்பங்களுக்கு இந்த இடம் விளங்காமற் போகாது.

குடும்பத்தினர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. பிரிவுக்கு முந்தைய இரவின் வரம்பு மீறலைப் படம் கண்ணுக்கு விருந்தாக்குவதில்லை, குறிப்பாலுணர்த்தி விலகிக்கொள்கிறது. ஆனால் அதனைத் தவறென்றும் சொல்வதில்லை. நம் மார்க்க நெறியில் அது தவறே. அதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. எனினும் அத்தவறின் சுமை யார் தோளில் விழுகிறது என்பதைப் படம் மறைக்கவில்லை. அவள் ஒருத்தியே சுமக்கிறாள். இது பிள்ளைகளுக்கான படமன்று. வளர்ந்தோர் கண்டு சிந்திக்கத்தக்க படம்.

இனி நம் தமிழ் மரபின் அளவுகோலை இதற்குப் பொருத்திப் பார்ப்போம். வேந்தன் வினைமுடிக்கப் போருக்குச் சென்ற தலைவனுக்காகத் தலைவி கற்பொழுக்கத்தோடு ஆற்றியிருத்தல் முல்லைத்திணையின் பொருள். கார்காலத் தொடக்கத்தில் வந்துவிடுவேன் என்பது அவன் தந்த வாக்கு. ஆகவே முல்லையில் மழை என்பது வருகையின் அறிகுறி. ஷெர்பூர் படமும் மழையில்தான் தொடங்குகிறது. மேலிருந்து நோக்கும் காட்சியில் வண்ண வண்ணக் குடைகள் தெருவில் நகர்கின்றன. ஆனால் இங்கே மழை வருகையை அறிவிப்பதில்லை; குடை விற்கும் கடையையும் அது காப்பாற்றவில்லை. முடிவில் மழைக்குப் பதில் பனி விழுகிறது.

திரும்பிவந்த கீ, மூடிக்கிடக்கும் குடைக்கடையின் முன் நிற்கும் காட்சி நமக்கு அரபுக் கவிதையை நினைவூட்டியது. அறியாமைக் காலத்து அரபுக் கவிஞர்கள் தம் கஸீதாவை எப்படித் தொடங்குவர்? காதலியின் கூட்டத்தார் கூடாரம் பெயர்த்துச் சென்றுவிட்ட வெற்றிடத்தில் ஒட்டகத்தை நிறுத்தி, எஞ்சிய சுவடுகளைப் பார்த்து அழுவர். 'அத்லால்' என்று அரபு இலக்கணிகள் இதனைக் கூறுவர். முஅல்லகாத் கவிதைகள் பலவும் இவ்வாறே தொடங்குகின்றன. பாலைவனத்துக் கூடாரச் சுவடும் துறைமுக நகரத்துக் கைமாறிய கடையும் ஒன்றே. மனித இதயம் எங்கும் ஒன்றே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆனால் இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. மனித இதயம் எங்கும் ஒன்றேயானால், கீ துப்பாக்கியோடு சென்ற மலைகளில் வாழ்ந்தோரின் இதயம் எங்கே?

படத்தின் மூன்று பகுதிகளுக்கும் புறப்பாடு, இல்லாமை, திரும்புகை என்று பெயர். இந்த இல்லாமைப் பகுதி முழுவதும் நடப்பது ஷெர்பூரிலேயே. அல்ஜீரியாவின் ஒரு தெரு இல்லை. ஒரு மனிதன் இல்லை. ஒரு பெண்ணின் குரல் இல்லை. ஒரு கடிதத்தில் மட்டும், ரோந்து சென்ற வீரர்கள் பதுங்கித் தாக்கப்பட்டு மாண்ட செய்தி வருகிறது. தாக்கியவர் யார், ஏன் தாக்கினர் என்பதற்குச் சொல்லே இல்லை. வெயிலைப் போல, காய்ச்சலைப் போல, அந்த நாட்டின் தட்பவெப்பத்தில் பிறந்த ஒரு கேடாகவே போர் தோன்றுகிறது.

கதை தொடங்கும் 1957-ஆம் ஆண்டு எத்தகைய ஆண்டு? அல்ஜியர்ஸ் நகரில் பிரெஞ்சுப் படை வீடு வீடாகப் புகுந்து பிடித்தவர்களைச் சித்திரவதை செய்த ஆண்டு. ஜமீலா பூஹைரது என்னும் இளம்பெண் கைதாகி, வதைக்கப்பட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்ட ஆண்டு. அடுத்த ஆண்டிலேயே கெய்ரோவில் யூசுஃப் ஷாஹீன் அவரைப் பற்றி 'ஜமீலா' என்ற படத்தை எடுத்தார். அரபுலகக் கவிஞர்கள் அவரைப் பாடினர். சித்திரவதைக்குள்ளான பிரெஞ்சு இதழாளர் ஆன்றி அலெக் எழுதிய நூல் 1958-இல் பாரிஸில் வெளியாகி உடனே பறிமுதல் செய்யப்பட்டது. ஆகவே பிரான்சில் எவருக்கும் எதுவும் தெரியாது என்று சொல்வதற்கில்லை. போர்க்காலத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் அல்ஜீரியக் கிராம மக்கள் தம் வீடுவாசலிலிருந்து பெயர்க்கப்பட்டு இராணுவக் காவலுள்ள குடியிருப்புகளில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் எத்தனை ஜெனவியேவ்கள் இருந்திருப்பர்! அவர்களுக்குக் கடிதமும் வந்திராது. மணம் பேச வைர வணிகரும் வந்திரார்.

'இது பிரெஞ்சுச் சிற்றூர்க் காதலரின் கதை. அல்ஜீரியாவைக் காட்டவில்லை என்று குறை கூறுவது பொருந்துமா? அக்காலத்துத் தணிக்கையும் கடுமையானதாயிற்றே!' என்று ஒரு மறுப்பு எழலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. அல்ஜீரியப் போரைத் தொட்டு கோதார் 1960-இல் எடுத்த படம் 1963 வரை தடைசெய்யப்பட்டிருந்தது. டெமி அல்ஜீரியா என்ற பெயரை மறைக்காமல் பாத்திரங்களின் வாயாலேயே சொல்லவைத்தார் என்பதையும் நாம் பாராட்டவே வேண்டும். ஆனால் அவர் படமெடுத்தது 1963-இல். அப்போது போர் முடிந்திருந்தது. தவிரவும், காதற்கதைக்குள் போர்க்களத்துக்கு இடமில்லை என்பதை நம் இலக்கியம் ஒப்புக்கொள்ளவில்லை. முல்லைப்பாட்டில் நப்பூதனார், இல்லத்தில் வாடும் தலைவியைக் காட்டிய கையோடு நம்மைப் பாசறைக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே தலைவன் காயம்பட்ட யானைகளையும், அம்பு தைத்த குதிரைகளையும், மாண்ட வீரரையும் எண்ணி உறங்காதிருக்கிறான். மொத்தம் 103 அடிகளே கொண்ட பாட்டு அது. அதற்குள் மனைக்கும் பாசறைக்கும் இடமிருந்தது. தோற்றவர் குரலையும் நம் முன்னோர் புறக்கணித்தாரில்லை. பறம்பு மலையை மூவேந்தரிடம் இழந்த பாரி மகளிரின் அழுகையைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது. வென்றவரின் புகழ்பாடும் தொகைநூலிலேயே தோற்றவரின் கண்ணீருக்கும் இடமுண்டு என்பது எத்துணைப் பெரிய நாகரிகம்!

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்தப் பிரிவுக்குப் பொறுப்பாளி யார்? படத்தைக் கண்டோர் சிலர் தாயைக் குறை கூறுவர். சிலர் மகளைக் குறை கூறுவர். இருவரையும் குறை கூறாத படமோ பொறுப்பை விதியின் மேல் போட்டுவிடுகிறது. நமக்கோ இங்கே கலீபா உமர் (ரலி) அவர்களின் நினைவு வருகிறது. ஓரிரவு நகர்வலம் வந்தபோது, போருக்குச் சென்ற கணவனின் பிரிவாற்றாமல் ஒரு பெண் கவிபாடி வருந்துவதைக் கேட்டார்கள். அவளை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. கற்பைப் பற்றி உபதேசிக்கவும் இல்லை. நேரே தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, கணவனின் பிரிவை ஒரு பெண் எத்தனை காலம் பொறுப்பாள் என்று கேட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அந்த விடை இருவிதமாக அறிவிக்கப்படுகிறது. அக்கால அளவுக்கு மேல் எந்தப் படைவீரனையும் களத்தில் நிறுத்தி வைப்பதில்லை என்று கலீபா முடிவு செய்தார்கள்.

இந்த வரலாற்றில் நம்மைக் கவர்வது, காத்திருப்பின் கணக்கு யாரிடம் கேட்கப்படுகிறது என்பதே. காத்திருக்கும் பெண்ணிடம் அன்று, அனுப்பிவைத்த அரசிடம். கணவன் காணாமற்போன மனைவி எவ்வளவு காலம் காத்திருக்கவேண்டும் என்பதற்கும் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பையொட்டி மாலிக்கி மத்ஹபு நான்காண்டு வரையறை செய்தது. அதன்பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா. அல்ஜீரிய மக்கள் பின்பற்றுவதும் மாலிக்கி மத்ஹபே. ஷாஃபி, ஹனஃபி வழியினர் வாழும் நம் நாட்டிலும், 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் இந்த மாலிக்கிக் கருத்தையே ஏற்றுக்கொண்டது. காத்திருத்தலைப் பெண்ணின் கண்ணீருக்கு மட்டும் விட்டுவிடாமல், அதற்கு ஓர் எல்லையும், அவ்வெல்லைக்கு ஒரு பொறுப்பாளியும் வேண்டுமென்று கருதிய மரபு நம்முடையது. இந்த அளவுகோலால் பார்த்தால் ஷெர்பூரின் குற்றவாளி குடைக்கடையில் இல்லை. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞரைக் கடல் கடத்தி அனுப்பிய அரசு அது. தான் நடத்தியதைப் போர் என்று கூட அது ஒப்பவில்லை; ஒழுங்கு காக்கும் நடவடிக்கை என்றே சொல்லிவந்தது. பிரெஞ்சுச் சட்டம் அதனை 'அல்ஜீரியப் போர்' என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது 1999 அக்டோபரில்தான்.

இப்போது படத்தின் இறுதிக் காட்சிக்கு வருவோம். பனி விழும் இரவு. செல்வச் சீமாட்டியாக வந்திருக்கிறாள் ஜெனவியேவ். தன் மகளுக்கு அவள் இட்டிருக்கும் பெயர், முன்பு இருவரும் சேர்ந்து கனவு கண்ட பெயர். அவனும் தன் மகனுக்கு அதே பெயரின் ஆண்பால் வடிவத்தைத்தான் வைத்திருக்கிறான். குழந்தையைப் பார்க்கிறாயா என்ற பொருளில் அவள் கேட்கிறாள். அவன் மறுக்கிறான். கண்ணாடிக்கு அப்பால் சில அடி தூரத்தில் தன் இரத்தத்தில் பிறந்த சிறுமி அமர்ந்திருக்க, அவளைக் காணாமலே வழியனுப்புகிறான். கார் போன பின், மனைவியும் மகனும் வருகின்றனர். மகனோடு பனியில் விளையாடுகிறான்.

இந்த மறுப்பை வீட்டின் அமைதிக்காகச் செய்த தியாகம் என்று போற்றுவோர் உளர். மதலேனுக்கு அவன் காட்டும் நன்றி என்ற அளவில் நாமும் அதை மதிக்கிறோம். ஆயினும் அந்தச் சிறுமி செய்த பிழை என்ன? தான் பெற்றதைத் தன் கண்ணால் பார்க்க மறுத்த பின்னரே அவனுக்கு அமைதி கிட்டுகிறது. இயக்குநர் கருதினாரோ இல்லையோ, அக்காலப் பிரான்சின் மனநிலை அந்த ஒரு மறுப்பில் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்நாடும் அல்ஜீரியாவில் தான் விட்டுவந்ததைப் பார்க்க மறுத்தது. புதிய கடைகளும் கார்களும் பெட்ரோல் நிலையங்களுமாகச் செழித்தது. அல்ஜீரியப் பாலைவனத்தின் ஹாஸி மஸ்ஊதில் 1956-இல் கண்டறியப்பட்ட எண்ணெயும், பிரான்சு அந்நாட்டை விட மனமின்றி இருந்ததற்குரிய காரணங்களுள் ஒன்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆகவே இப்படத்தின் மௌனம் அதன் குறை. அதே சமயம் அதன் உண்மையும் அதுவே. பொய் சொல்லும் படமன்று இது. பார்க்க மறுத்தவர்களின் துயரத்தை, அவர்கள் பார்க்க மறுத்தபடியே நேர்மையாகக் காட்டிய படம்.

அந்தக் காட்டப்படாத பாதியை வேறொருவர் காட்டியிருக்கிறார். அல்ஜீரியப் பெண் எழுத்தாளர் ஆஸியா ஜப்பார் 1970-களின் பிற்பகுதியில் எடுத்த 'ஷெனூவா மலைப் பெண்களின் நவ்பா' என்னும் படம் 1979-இல் வெனிஸ் விழாவில் திறனாய்வாளர் பரிசைப் பெற்றது. அப்படத்தின் நாயகி லைலா, போர் முடிந்து பல்லாண்டு கழித்துத் தன் பிறந்தகத்துக்குத் திரும்புகிறாள். அவள் கணவர் சக்கர நாற்காலியில் பேச்சற்று அமர்ந்திருக்க, அவள் ஊர் ஊராகச் சென்று கிராமத்து மூதாட்டிகளிடம் போர்க்கால நினைவுகளைக் கேட்கிறாள். மலையில் மறைந்திருந்த வீரர்களுக்கு உணவளித்தோர், உற்றாரை இழந்தோர் எனப் பலர் தம் வாய்மொழியாகவே பேசுகின்றனர். ஷெர்பூரில் கடிதம் படித்தழுத பெண்ணுக்கு மறுகரையில் இருந்த பெண்கள் இவர்களே. 'நவ்பா' என்பது ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்கள் வளர்த்த ஓர் இசைமரபின் பெயர். அரபு மொழியில் அச்சொல்லுக்கு முறை, வரிசை என்றும் பொருளுண்டு. இப்போது பேசும் முறை அந்தப் பெண்களுடையது என்பது அத்தலைப்பில் தொனிக்கிறது. அந்த ஆசிரியை 2005-இல் பிரெஞ்சு அகாதமியின் உறுப்பினராகவே தெரிந்தெடுக்கப்பட்டு, 2015-இல் காலமானார்.

வாசகர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. பிரெஞ்சுக்காரன் படம், அதில் நம்மவர் இல்லை என்று ஷெர்பூர் படத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பிரிவின் வேதனையையும், வறுமை காதலை விலைபேசும் விதத்தையும், மதலேனின் அமைதியான பொறுமையையும் அது உண்மையாகவே உணர்த்துகிறது. அதே நேரத்தில், உலகம் போற்றுகிறது என்பதற்காக அதன் கண்ணால் மட்டுமே பார்த்துவிடவும் வேண்டியதில்லை. ஜெனவியேவுக்காக வருந்துவோம், அவள் வருந்தத்தக்கவளே. ஆனால் அவளுக்காகச் சிந்தும் கண்ணீரில் ஒரு பாதியை, எந்தப் படத்திலும் பெயர் பெறாமல் ஷெனூவா மலைச் சரிவில் காத்திருந்தவளுக்கும் வைத்திருப்போம்.